தட்டிச் சென்றார், அள்ளிச் சென்றனர், பறிகொடுத்தார்

தமிழ்ச் செய்திகளில் எதையும் நிதானமாக எடுத்துக்கொள்பவர்கள் குறைவு. பதக்கத்தைத் தட்டிச் செல்வார்கள். தொகுதியைக் கைப்பற்றுவார்கள். மலிவு விற்பனைப் பொருள்களை அள்ளிச் செல்வார்கள். திருடன் நகையைச் சுருட்டுவான். தமிழ்நாட்டுச் செய்தியாக இருந்தால் அது ‘அபேஸ்’ ஆகிவிடும். பணத்தை இழந்தவரோ அதைப் ‘பறிகொடுப்பார்’. சில வருடங்கள் இரவு நேரத்தில் செய்திகளைத் திருத்தும் வேலையில் இருந்தவன் நான். இந்தச் சொற்களோடு குடும்பம் நடத்தியவன். அவற்றின் மேல் எனக்குப் பிரியமும் உண்டு. ஆனாலும் இப்போதெல்லாம் செய்தி படிக்கும்போது இவற்றில் ஒன்று எதிர்ப்பட்டால், கண் அங்கேயே நின்றுவிடுகிறது. ஏன் என்று மனத்துக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தது போதும், எழுதியே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் அந்தப் பிரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சட்டென்று ஒன்றை எடுப்பதற்குத் தமிழில் இருக்கும் சொற்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கை இருக்கிறது. அள்ளுவதற்கு இரண்டு கையும் வேண்டும். கிள்ளுவதற்கு இரண்டு விரல் போதும். பிடுங்குவது என்றால் எதிரே ஒருவர் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். கவ்வுவதற்குக் கை வேண்டாம், வாய் போதும். கொத்திக்கொண்டு போவதற்கு அலகு. சுருட்டுவது என்றால் பாய் சுருட்டுவதுபோல ஒரு ஓரம்கூட மிச்சமில்லாமல் போய்விடும். அவ்வளவும் போதாதென்று வேகத்தை முன்னால் தனியாக வேறு ஒட்டிக்கொள்வோம்: வெடுக்கென்று பிடுங்கினான், லபக்கென்று வாயில் போட்டான், விருட்டென்று எடுத்துக்கொண்டு ஓடினான். வீட்டில் யாரும் இந்தச் சொற்களை மாற்றிப் போடுவதில்லை. குழந்தை கத்திரிக்கோலைத் தூக்கிவிட்டால் ‘அதைப் பிடுங்கு’ என்றுதான் எந்தப் பாட்டியும் சொல்வார். அள்ளு என்றோ சுருட்டு என்றோ வாய் தவறியும் வராது. எந்தக் கை, எவ்வளவு வேகம், பொருள் முதலில் யாரிடம் இருந்தது என்ற மூன்றும் பேச்சில் தானாகவே சரியாக விழுந்துவிடுகின்றன.

நம் ஊரான சிங்கப்பூரில் இடம் பிடித்து வைப்பதற்கு ‘சோப்’ (chope) என்று ஒரு பேச்சுச் சொல் இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். காப்பிக்கடை மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனால் இடம் பிடித்தாயிற்று. ‘சோப் பண்ணிட்டேன்’ என்றால் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் நமக்கும் ஒரே அர்த்தம்தான். அதில் வேகம் உண்டு, முந்திக்கொள்வதும் உண்டு, ஆனால் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. அந்த மேசையை ‘கைப்பற்றினார்’ என்று ஒருவர் எழுதினால் உடனே நமக்கு உறுத்தும். ஒரு வினைச்சொல் நடந்ததை எவ்வளவு மாற்றிவிடும் என்பது மேசை விஷயத்தில் பளிச்சென்று தெரிகிறது. பெரிய விஷயங்களில்தான் தெரியாமல் போகிறது.

இடம் போதாது என்ற காரணம்

செய்தி அறையில் இதைப்பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் பதில், தலைப்பில் இடம் போதாது என்பதுதான். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அது நியாயமான பதில். குறுகிய பத்திகளில் பெரிய எழுத்தில் தலைப்பு வைக்க வேண்டியிருந்ததால், அவர்கள் மூன்று நான்கு எழுத்துச் சொற்களாகத் தேடிப் பிடித்தார்கள். பேக், கிராப், நெட், ஸ்னாப் என்று பிடிக்கிற, கவ்வுகிற, வலைபோடுகிற சொற்கள் எல்லாம் அப்படித் தலைப்புக்குள் வந்து உட்கார்ந்தவை. சிங்கப்பூரில் தமிழில் செய்தி எழுதுபவருக்குப் பெரும்பாலும் மூலம் ஆங்கிலத்தில்தான் வருகிறது. சாயங்காலம் காவல்துறை அறிக்கை ஆங்கிலத்தில், அமைச்சர் பேச்சு ஆங்கிலத்தில், விளையாட்டு முடிவும் ஆங்கிலத்தில். அதோடு அந்தச் சொற்களின் வேகமும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

ஆனால் தமிழில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘வென்றார்’ என்பதைவிட ‘தட்டிச் சென்றார்’ நீளம். ‘வாங்கினர்’ என்பதைவிட ‘அள்ளிச் சென்றனர்’ நீளம். ‘இழந்தார்’ என்பதைவிடப் ‘பறிகொடுத்தார்’ நீளம். ஆங்கிலக்காரர் இடத்தை மிச்சப்படுத்தப் பிடித்த சொற்களை நாம் இடத்தைச் செலவழித்து வாங்கிவைத்திருக்கிறோம். ஆகவே இடம் போதாது என்பதை நான் ஏற்பதில்லை. வேகம் வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சொற்கள் வருகின்றன. வேகமாக நடந்ததற்கு வேகமான சொல் என்றால் எனக்கு ஆட்சேபமே இல்லை. பெருவிரைவு ரயிலில் கழுத்துச் சங்கிலியை ஒருவன் இழுத்துக்கொண்டு ஓடினால் ‘பறித்துச் சென்றான்’ என்பதைவிடச் சரியான சொல் கிடையாது. மெதுவாக நடந்தவற்றையும் இந்தச் சொற்கள் வேகமாக்கிவிடுகின்றன. என் வருத்தம் முழுக்க அதில்தான்.

சாந்தி பெரேரா ஹாங்ஜோவில் ஓடியதை நினைத்துப் பாருங்கள். 2023 அக்டோபர் 2. ஆசிய விளையாட்டு, பெண்கள் 200 மீட்டர், 23.03 விநாடி, தங்கம். 1974இல் சீ சுவீ லீ 400 மீட்டரில் வென்றபிறகு, ஆசிய விளையாட்டுத் திடல்தடப் போட்டிகளில் சிங்கப்பூருக்குத் தங்கம் கிடைக்க 49 வருடம் ஆகியிருக்கிறது. சாந்தி 2015இலேயே இங்கே நம் விளையாட்டரங்கில் தென்கிழக்காசியப் போட்டியின் 200 மீட்டரை வென்றவர். அதற்கடுத்த 2017 போட்டியில் வெண்கலம். மறுபடி அந்தத் தங்கம் அவர் கைக்கு வர 2022 ஆகிவிட்டது. நடுவில் இருந்த அந்த வருடங்களில் அவரைப்பற்றிச் செய்தி குறைவு, பேச்சும் குறைவு. ஒவ்வொரு நாளும் விடிந்தால் தடத்துக்குப் போய் அதே வளைவை ஓடிக்கொண்டிருந்த ஒருவரைத் ‘தங்கத்தைத் தட்டிச் சென்றார்’ என்று எழுதினால், போகிற போக்கில் யாரோ மேசையில் வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போனமாதிரி ஆகிவிடுகிறது. ‘வென்றார்’ என்று சொன்னாலே போதும். அந்த வருடங்கள் எல்லாம் அந்தச் சின்னச் சொல்லுக்குள் அடங்கிவிடும்.

விண்ணப்பம் வாங்கிக்கொண்டு அரசாங்கம் கட்டித்தரும் பிடிஓ (BTO) அடுக்குமாடி வீடுகளுக்கும் இதே கதைதான். விண்ணப்பங்கள் குவிந்தால் ‘முந்தியடித்துக்கொண்டு’ என்று எழுதுகிறோம். முந்துவதால் அங்கே ஒரு பயனும் இல்லை. முதல் நாள் விண்ணப்பித்தாலும் கடைசி நாள் விண்ணப்பித்தாலும் கணினிக் குலுக்கல்தான். குலுக்கலில் நல்ல எண் வராமல் மறுபடி மறுபடி விண்ணப்பித்துக் காத்திருக்கும் இளம் தம்பதிகளை எனக்குத் தெரியும். அவர்கள் அனுபவித்தது காத்திருப்பு.

அரிசி வாங்கியவர்கள்

2020 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. கொரோனா எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்தது என்ற அறிவிப்பு வந்ததும், அன்று சாயங்காலமே பேரங்காடிகளில் கூட்டம். அரிசி, நூடல்ஸ், கழிவறைத் தாள் வைத்திருந்த அடுக்குகள் காலியாகிவிட்டன. இரண்டு நாள் கழித்து ஃபேர்பிரைஸ் பேரங்காடி வரம்பு கொண்டுவந்தது: ஒருவருக்கு அரிசி இரண்டு பை, நூடல்ஸ் நான்கு கட்டு என்று. ‘அள்ளிச் சென்றனர்’ என்ற சொல் அந்த வாரம் எல்லார் வாயிலும் இருந்தது. செய்தியில், வானொலியில், வாட்ஸ்அப்பில். தள்ளுவண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. அவர்களைப் படம் எடுத்துப்போட்டு ஊரே திட்டியது.

நானும் அந்த வாரம் ஒரு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற தாத்தா கையில் ஐந்து கிலோ பொன்னி ஒன்று, கடுகு ஒரு பாக்கெட். அவ்வளவுதான். வரிசை நகரவில்லை, கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். ‘வீட்டில் அரிசி தீர்ந்துபோச்சு தம்பி, வழக்கமா இந்த வாரம்தான் வாங்குவேன்’ என்று கேட்காமலே என்னிடம் சொன்னார். நான் ஏதோ நினைத்துவிடுவேனோ என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மாதாமாதம் வாங்கும் ஒரு பை அரிசிக்கு முன்பின் தெரியாத ஒருவனிடம் அவர் விளக்கம் சொல்லும்படி ஆகியிருந்தது. அதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். கடைக்கு வந்த எல்லாரையும் அது ஒரே கூட்டமாக்கி, எல்லாருக்கும் இரண்டிரண்டு பேராசைக் கைகளை மாட்டிவிட்டது.

பறிகொடுத்தவர்

இதெல்லாம் ஒரு பக்கம். என்னால் கடந்துபோக முடியாமல் இருப்பது மோசடிச் செய்திகளில் வரும் ‘பறிகொடுத்தார்’. 2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 51,000க்கும் மேற்பட்ட மோசடிச் சம்பவங்கள், குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இழப்பு என்று காவல்துறை சொன்னது. ஆகவே இந்தச் செய்தி வாரத்தில் எத்தனையோ முறை எழுதப்படுகிறது. அச்சு கிட்டத்தட்ட ஒன்றுதான்: வயது, தொகை, ‘நூதன முறையில்’, கடைசியில் ‘பறிகொடுத்தார்’. மோசடி செய்தவர்கள் ‘சுருட்டினர்’. ‘சுருட்டினர்’ என்பதில் ஒரு கைத்திறன் தெரிகிறது, கொஞ்சம் மெச்சுகிற தொனிகூட இருக்கிறது. ‘பறிகொடுத்தார்’ என்பதில் எழுவாய் பாதிக்கப்பட்டவர். செயலைச் செய்பவராக வாக்கியத்தில் நிற்பதும் அவர்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சொல் மட்டுமே குற்றவாளி இல்லை. ‘விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாய்’ என்று எழுதுகிறோம். யாரும் அந்தத் தாயைப் பார்த்து ஏன் கொடுத்தாய் என்று கேட்பதில்லை. அங்கே அது துக்கத்தின் சொல். பணம் என்று வரும்போதுதான் பக்கத்தில் ‘ஆசைப்பட்டு’, ‘நம்பி’, ‘ஏமாந்து’ என்று அண்டை வீட்டுச் சொற்கள் வந்து உட்கார்ந்துகொண்டு, ‘கொடுத்தார்’ என்பதை உண்மையிலேயே கொடுத்ததாக ஆக்கிவிடுகின்றன.

இவ்வளவு யோசிக்கவைத்தது எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் ஓர் அக்கா. பல வருடம் முதியோர் பராமரிப்பில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். என்னைவிட வயதில் நிறைய மூத்தவர் என்றாலும் அக்கா என்றுதான் பழக்கம். அவருடைய சேமிப்பில் பெரும்பகுதி ஒரே நாளில் போய்விட்டது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன், அவன் மாற்றிக்கொடுத்ததும் அரசாங்க அதிகாரி என்று இன்னொருவன். உங்கள் பெயரில் கள்ளப்பணம் போயிருக்கிறது, விசாரணை முடியும்வரை பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றுங்கள் என்ற அதே பல்லவி. நான் பார்க்கப் போனபோது சாப்பாட்டு மேசையில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்திருந்தார். வேலையில் இருந்த காலத்துப் பழக்கம். மருந்து கொடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்வதுபோலப் போனில் சொன்னதையெல்லாம் குறித்திருந்தார். இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் விவரம். 10.20, வங்கி. 11.05, அதிகாரி, அவன் சொன்ன அடையாள எண். 12.40 என்று போட்டு அதற்கெதிரே ஒரே ஒரு சொல்: சாப்பாடு.

அது என்ன என்று கேட்டேன். ‘அவன்தான் சொன்னான். ஆண்ட்டி, நேரமாச்சு, நீங்க சாப்பிட்டு மாத்திரை போட்டுக்குங்க, நான் லைன்லயே இருக்கேன், போனை மட்டும் வைக்காதீங்கன்னு. இங்கிலீஷ்லதான் பேசினான், ரொம்ப மரியாதையா. ரசம் சூடு பண்ணி ஊத்திச் சாப்பிட்டேன். அவன் காத்திருந்தான்’ என்றார்.

சாப்பிட்டு முடித்தபிறகுதான் பணத்தை அனுப்பியிருக்கிறார். ஒரே தொகையாக இல்லை, சாயங்காலம் வரை கொஞ்சம் கொஞ்சமாக. ஆனால் காவல்துறையிடம் போனது இரண்டு நாள் கழித்து. ஏன்க்கா உடனே போகவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம். ‘என்கிட்ட யாரும் பறிக்கலையே தம்பி. நானா உட்கார்ந்து, நானா நம்பர் அடிச்சு அனுப்பினேன். பேப்பர்ல பறிச்சாங்க, சுருட்டினாங்கன்னு போடறது வேற யாருக்கோ நடக்குறதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். போலீஸ்ல போய் என்னன்னு சொல்றது? நான் கொடுத்துட்டேன்னா?’

வெட்கத்தால்தான் போகாமல் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமும் இருந்தது. அதற்கு முன்னாலேயே அவருக்கு வேறொரு தடை இருந்திருக்கிறது: தனக்கு நடந்ததற்கும் அவர் வருடக்கணக்கில் படித்த செய்திகளுக்கும் சம்பந்தமே தெரியவில்லை. பறிப்பது என்றால் வெடுக்கென்று நடக்க வேண்டும், எதிரே முரடன் இருக்க வேண்டும். அவரிடம் பேசியவன் மாத்திரையை ஞாபகப்படுத்தினான், ரசம் சூடாகும்வரை பொறுத்திருந்தான். தினமும் எச்சரிக்கை படித்த ஒருவருக்கு, அந்த எச்சரிக்கை வாசலில் வந்து நின்றபோது அடையாளம் தெரியாமல் போனது. செய்திகளில் நாம் வரைந்து வைத்திருந்த முகமே வேறு.

அந்த இரண்டு நாள் சாதாரண விஷயம் இல்லை. மோசடிப் பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. கணக்கு மாறி கணக்கு மாறி நிமிடங்களில் நாட்டைவிட்டே போய்விடும். அதனால்தான் மோசடித் தடுப்புப் பிரிவில் வங்கி ஊழியர்களும் காவல்துறையினரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். தகவல் சீக்கிரம் வந்தால் கணக்கை முடக்கலாம். வேகம் உண்மையிலேயே அங்கேதான் இருக்கிறது, போனை வைத்தபிறகு. செய்தியோ அந்த வேகத்தைத் தூக்கி முன்னால் வைத்துவிடுகிறது.

கொடுத்தவர் அவர்தானே, கொடுத்தார் என்று எழுதினால் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான சம்பவங்களில் பணத்தை அனுப்புவது பாதிக்கப்பட்டவரின் விரல்கள்தான், உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அவர் தன் வசத்தில் இல்லை என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. மோசடிகளிலிருந்து பாதுகாக்க 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. ஒருவர் மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பப்போகிறார், யார் சொல்லியும் நம்ப மறுக்கிறார் என்றால், காவல்துறை அவருடைய வங்கிக் கணக்கையே கட்டுப்படுத்தும்படி உத்தரவிடலாம். சொந்தப் பணத்தை ஒருவர் அனுப்புவதைத் தடுக்க அதிகாரம் கொடுப்பது லேசான முடிவு இல்லை. ‘நானா அனுப்பினேன்’ என்று அக்கா சொன்ன அந்த ‘நானா’ அன்றைக்கு அவர் கையில் இல்லை என்று ஏற்றுக்கொண்டால் மட்டுமே அப்படி ஒரு சட்டம் போட முடியும். நம் வாக்கிய அமைப்பு இன்னும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

எப்படித்தான் எழுதுவது

செய்தித் துறையில் இன்னும் இருக்கும் ஒரு நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். ‘நீ சொல்றது சரிதான்டா. ஆனா வேகம் இல்லாம தலைப்பு வெச்சா யாரு உள்ளே வருவா?’ என்றான். ராத்திரி பதினோரு மணிக்குப் பக்கத்தை முடிக்க வேண்டியவன் கேட்கும் கேள்வி அது. அலட்சியமாக ஒதுக்க முடியாது. கையில் தயாராக இருக்கும் சொல்லை எடுத்துப் போட்டால்தான் வேலை நகரும். தயாராக இருக்கும் சொற்களில் எது இருக்க வேண்டும் என்பதைத்தான் நான் அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். ‘திருடினர்’ இருக்கிறது. ‘ஏமாற்றி எடுத்தனர்’ இருக்கிறது. ‘இழந்தார்’ இருக்கிறது. எல்லாம் பழைய, குட்டையான, எல்லாருக்கும் புரிகிற சொற்கள். யார் செய்தது என்பதை இவை மறைப்பதில்லை. ‘நூதன முறை’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த முறை என்ன என்று ஒரு வரி எழுதலாம். அதில் நூதனமாக ஒன்றுமில்லை, நாள்தோறும் நடப்பது.

கூடவே நேரங்களைப் போடச் சொன்னேன். காலை 10.20க்கு முதல் அழைப்பு. 12.40க்குச் சாப்பிடச் சொன்னார்கள், போனை மட்டும் வைக்கவிடவில்லை. சாயங்காலத்துக்குள் சேமிப்பு போய்விட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் பாதியில் போய்விட மாட்டார்கள் என்று அவனிடம் பந்தயமே கட்டினேன். மோசடிச் செய்திகளின் அடியில் 1799 என்ற உதவி எண்ணைப் போடும் வழக்கம் இருக்கிறது, நல்ல வழக்கம். அந்த எண்ணை அழைக்க வேண்டியவர் இந்த நிமிடம் எங்கோ ஒரு வீட்டில், மரியாதையாகப் பேசும் ஒருவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவர் காலையில் படித்த செய்தியில் அந்தச் சாப்பாட்டு நேரம் இருந்திருந்தால், போனை வைத்துவிட்டு அந்த எண்ணை அழைத்திருப்பார். நண்பன் அடுத்த செய்தியில் முயன்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். எங்கள் அக்கா அந்த நோட்டுப் புத்தகத்தைத் தருவதாகச் சொல்லிவிட்டார், பெயரை மட்டும் போடாமல் இருந்தால்.